அத்தாவின் குரலுக்கு நான் போட்ட பூட்டு

எங்கள் வீட்டில் எது திறக்க மறுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஊறுகாய் பாட்டில் மூடி, சாவி தொலைந்த பீரோ, வெளிநாட்டிலிருந்து வந்த மாமா பூட்டு எண்ணை மறந்துவிட்ட சூட்கேஸ் என்று எதுவாக இருந்தாலும் சரி. பூட்டைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. உன்னை உள்ளே விடமாட்டேன் என்று அது சொல்வதுதான் பிடிக்காது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கே எதையும் கழற்றக் கூடாது என்று எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். அதனால் வீட்டுக்கு வந்து கழற்றுவேன்.

இந்தப் பழக்கம் முற்றியதற்கு என் தங்கச்சிதான் காரணம். அவளைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்குப் பிரெஞ்சு குடியுரிமை. கல்யாணமான கையோடு விமானம் ஏறினாள். முதல் தடவை ஊருக்கு வந்தபோது, டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். கூடவே ஒரே ஒரு டிஸ்க். அதில் எல்லோரும் பிரெஞ்சில் பேசினார்கள். சரி, நம் ஊரில் டிஸ்க்குக்கா பஞ்சம் என்று காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாலைந்து வாங்கி வந்தேன். பெட்டி ஒன்றைக்கூட ஏற்கவில்லை. நகல் டிஸ்க் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். போதாததற்கு, வேறு நாட்டு டிஸ்க் என்றாலும் ஆகாதாம். வந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்கிற சம்பந்தியைப் போல உட்கார்ந்திருந்தது.

விடுவேனா? இணையத்தில் படித்துப் படித்து, நகத்தளவு சிப் ஒன்றை வரவழைத்து, லென்ஸை நெற்றியில் மாட்டிக்கொண்டு, மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர்ல பொண்ணுங்க கைக்கு மருதாணி வைக்குது, எனக்குன்னு பொறந்தது ஈயம் பூசுது" என்றார். அந்தச் சிப்புக்கு ஒரே வேலை. "இது அசலா?" என்று பெட்டி கேட்கும்போது, முந்திக்கொண்டு "ஆமாம்" என்று பொய் சொல்வது. பொய் எடுபட்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

எனக்கென்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கிய பெட்டி என்னுடையது. அதில் எது ஓடவேண்டும் என்று கம்பெனிக்காரன் என்ன சொல்வது? ஆசைக்கு உடைக்கிற நான் வேறு, நகலெடுத்துக் கூறுகட்டி விற்கிறவன் வேறு. முதலாவது கலை, இரண்டாவது களவு. அந்தக் களவாணியிடம் போய் நாலைந்து டிஸ்க் வாங்கி வந்தது யார் என்று தங்கச்சி கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

பிறகு நானே சின்னச் சின்ன கேம்களை எழுதவும் ஆரம்பித்தேன். அதில் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு முன்னால் அத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ரெட்டியார்பாளையம் முதல் அரியாங்குப்பம் வரை இன்றைக்கு ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவர் சொல்லிக்கொடுத்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள், திட்டியதைத்தான் சொல்வார்கள். "மாஸ்டர் திட்டுனாத்தான் வண்டியே நேரா போவும்" என்பார்கள். கண்ணாடி மூடியிருந்தாலும் அந்தக் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

லைசென்ஸ் டெஸ்ட்டில் மட்டும் அவர் வாய் திறக்க முடியாது. இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் இருப்பார், அத்தா பின்சீட்டில். அதற்கும் ஒரு வழி செய்துவைத்திருந்தார். ஓட்டுகிறவரின் சீட்டு முதுகில் விரல் முட்டியால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. மூன்று தட்டு என்றால் கழுதை. இன்ஸ்பெக்டர்கள் அதை வண்டியின் சத்தம் என்றே நினைத்திருக்க வேண்டும். அவரிடம் படித்தவர்களுக்கு மட்டும் அந்தத் தட்டு முதுகுத்தண்டில் பதிந்திருக்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடித்து, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். உயிர் தங்கும், குரல் தங்காது. அம்மா அழுதார். அத்தா மருத்துவரிடம், "எடுத்துட்டு என்னா பண்ணுவீங்க அத?" என்று கேட்டார்.

அந்தக் குரலை எப்படியாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. போனை நீட்டி "எதாவது பேசுங்க அத்தா" என்றேன். கூச்சத்தில் "என்னாத்த பேசறது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எந்தப் பூட்டுக்கும் ஒரு வழி உண்டு. மறுநாள் அவருடைய பழைய 'எல்' போர்டு காரை எடுத்தேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போலாம், நான் ஓட்டறேன்" என்று அவரை இடதுபக்கம் உட்காரவைத்தேன். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. போனைக் கண்ணாடிக்குக் கீழே படுக்கவைத்துவிட்டு, ஊரிலேயே மகா மட்டமாக ஓட்டினேன்.

ஒருவழிப் பாதையில் எதிர்ப்புறமாக மூக்கை நுழைத்தேன். சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றேன். மாட்டுக்கு வழிவிடாமல் ஹாரன் அடித்தேன். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் கை காட்டியதற்குச் சலாம் வைத்தேன். அத்தா பொங்கிவிட்டார்.

"பச்ச வந்துச்சு. இன்னும் எந்த கலரு வரணும் உனக்கு?"

"மாடுகூட ஓரமா போவுது, நீ நடு ரோட்ல போற!"

"கண்ணாடி வச்சிருக்கிறது நீ தல சீவறதுக்கில்ல!"

அரியாங்குப்பம் பாலத்தில் வழக்கம்போல நெரிசல். ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் உருளவிட்டேன். அங்கேதான் புதையலே கிடைத்தது. "ஹாஃப் கிளட்ச்சு! பாதி! பாதின்னா தெரியாதா? முழுசா வுட்டா பின்னாடி வர்றவன் மடில போய் குந்திக்குவ!" வீடு வந்து சேர்ந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ வேணும்னுதான் ஓட்டுன" என்றார். அத்தோடு விட்டுவிட்டார்.

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவர் பேசிய கடைசிப் பேச்சு எங்களோடு அல்ல. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிய ஆளிடம், "திரும்பறப்ப அகலமா எடுத்துத் திரும்புப்பா" என்றார். கதவு மூடியது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அந்தக் குரலை வைத்துத்தான் கேமை எழுதினேன். கையில் வைத்து விளையாடும் பழைய சின்னப் பெட்டிகள் மூன்றைத் தங்கச்சி அங்கே பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தாள். ஒன்றைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டு, இரண்டை இங்கே அனுப்பினாள். அவற்றின் பூட்டையும் உடைத்து, என் கேமை ஏற்றினேன். அங்கிருப்பதற்குப் போனில் வழி சொல்லி அவளையே ஏற்றவைத்தேன். நம் ஊர்த் தெருக்கள், ஒரு 'எல்' போர்டு கார், செல்பி எடுப்பதற்காக நடுத்தெருவில் நிற்கும் சுற்றுலாக் கூட்டம், கடற்கரைச் சாலையில் மாடு. தப்பாக ஓட்டினால் அத்தா திட்டுவார். ஒழுங்காக ஓட்டினால் அத்தாவின் குரலே வராது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காக ஓட்டவில்லை. தங்கச்சி பிள்ளைகள் பிரான்ஸில் பள்ளிக்கூடத்தில் சக மாணவனைப் பார்த்து "தல சீவறதுக்கில்ல" என்று கத்தியதாகக் கேள்வி.

ஆபரேஷனுக்குப் பிறகு அத்தா வெளியே போவதை நிறுத்திவிட்டார். கழுத்தில் இருக்கும் துளைக்கு மேல் ஒரு துணி கட்டியிருப்பார். யாராவது "மாஸ்டர், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. எழுதினால் வாசித்துக் காட்டும் செயலியைப் போனில் போட்டுக்கொடுத்தேன். அவர் "தண்ணி" என்று எழுத, ஒரு பெண்மணி செய்தி வாசிப்பதுபோல "தண்ணீர்" என்றாள். போனைக் கவிழ்த்துவைத்தவர் அப்புறம் தொடவே இல்லை. மேசையில் தட்டுவார், அவ்வளவுதான். கேம் பெட்டியை மட்டும் மத்தியானத்தில் மடியில் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டி, தன்னிடமே திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.

சில மாதம் கழித்து ஒரு நல்ல மாற்றம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், கழுத்தைச் சுற்றி மப்ளர் என்று ஆள் அடையாளம் தெரியாமல் கிளம்ப ஆரம்பித்தார். மத்தியானச் சோற்றுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார். "எங்கயோ போறாரு, எங்கன்னு கேக்காத. போறாரே, அது போதும்" என்றார் அம்மா. எனக்கும் அது போதுமாக இருந்தது.

அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம் ஒயர் வாங்கச் சந்தைக்குப் போனேன். சாக்ஸ் குவியலுக்கும் கொய்யாக் கூடைக்கும் நடுவிலிருந்து அத்தா கத்தினார்: "பச்ச வந்துச்சு. இன்னும் எந்த கலரு வரணும் உனக்கு?"

குரல் வந்த பக்கம் போனேன். குடைக்குக் கீழே நாற்பது வயதுக்காரர் ஒருவர், சீனத்திலிருந்து வந்த மலிவு கேம் பெட்டிகளையும், ஆயிரம் கேம் அடைத்த மெமரி கார்டுகளையும் பரப்பியிருந்தார். எல்லாம் நகல். அந்த ஆயிரத்தில் ஒன்றாக என் கேம். நாலைந்து ஆண்கள் கூடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "டேய், இது நம்ம மாஸ்டர் குரல்றா!" என்றார் ஒருவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தாவின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பதே அதற்குள்தான். அதைக் கூறுபோட்டு விற்கிறான் இந்த ஆள்!

சண்டை போட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என்னவென்று போடுவது? ஊரார் பூட்டையெல்லாம் உடைத்த கை இது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஒயர்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

"உன் வீட்லேர்ந்துதான் வெளிய போயிருக்கு. உன் வீட்டுக்காரர் யார்கிட்டயாவது குடுத்தாரா?"

"அடிப்பாவி! அவரு இங்க குளிர்ல நடுங்கிக்கினு வேலைக்குப் போறாரு. காந்தி வீதில கட போட எப்ப வந்தாரு?"

அவள் பேசியது நியாயம்தான். ஆனாலும் நான் நம்பவில்லை. யார் எடுத்தால் என்ன, பூட்டுப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தேன். பூட்டை உடைத்தே பழகிய எனக்கு முதல் முறையாக ஒன்றைப் போடும் வேலை. அசல் பெட்டி ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே ஒரு எண் உண்டு. சீனப் பெட்டிகளுக்கு அது கிடையாது. எங்கள் மூன்று பெட்டிகளின் எண் இருந்தால் மட்டும் கேம் ஒழுங்காக ஓடும். இல்லாவிட்டால் அரியாங்குப்பம் பாலத்தில் ஏறிய கார் இறங்கவே இறங்காது. முன்னால் லாரி, பின்னால் பஸ். கிட கழுதை என்று விட்டுவிட்டேன். மூன்று பெட்டிக்கும் புதிய பதிப்பு போய்ச் சேர்ந்தது. அத்தாவின் பெட்டியில் நானே ஏற்றிக்கொடுத்தேன். வெளியே போனதற்காகப் போடும் பூட்டு என்று அவரிடம் சொல்லவில்லை. எதற்கு அவர் மனசைப் புண்படுத்துவது?

அடுத்த வாரமே சந்தையில் புதிய பதிப்பு வந்துவிட்டது. நான் நினைத்தபடியே எல்லாரும் பாலத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் கோபப்படவில்லை. நான் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. நெரிசலில் நின்றால் வண்டி உருளும், வண்டி உருண்டால் அத்தா திட்டுவார். பாலத்தில் கிடந்தவர்களுக்கு ஹாஃப் கிளட்ச்சுப் பாட்டு முழுவதும் நிற்காமல் கிடைத்தது.

"பாலத்துல ஏத்திட்டு சும்மா வச்சிக்கினா போதும்ணா. மாஸ்டர் பிச்சி உதர்றாரு" என்றார் ஒரு ஆட்டோக்காரர்.

"அப்டியே நம்ம பாலம். அதுலயும் ஜாம் நவுராது" என்றார் அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர், பெருமையாக.

தண்டனை என்று நான் வைத்ததை எங்கள் ஊரில் விளையாட்டே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். வேறெந்த ஊராக இருந்தாலும் கேம் கெட்டுவிட்டது என்று திருப்பிக்கொடுத்திருப்பார்கள். தினம் அந்தப் பாலத்தைத் தாண்டி வேலைக்கு வருகிறவர்களுக்கு அது கெட்டுப்போனதாகவே தோன்றவில்லை. வியாபாரம் இரட்டிப்பானது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது பூட்டைச் செய்தேன். இந்த முறை பாலம் வேண்டாம், ஜாம் வேண்டாம். எண் இல்லாத பெட்டியில் குரலே வராது. கார் ஓடும், மாடு வரும், அத்தா மட்டும் பேசமாட்டார். அதையும் எங்கள் மூன்று பெட்டியிலும் ஏற்றினேன்.

அது பலித்தது. சந்தையில் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். "மாஸ்டர் இல்லாத இத எவன் விளையாடுவான்?" என்றார்கள். நான் தூரத்தில் நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டே பார்த்தேன். அவ்வளவு இனிப்பான கரும்புச்சாற்றை நான் குடித்ததே இல்லை.

வீட்டில் அந்த இனிப்பு நிலைக்கவில்லை. அத்தா ஞாயிற்றுக்கிழமை கிளம்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கிளம்பவில்லை. தொப்பி ஆணியிலேயே தொங்கியது. சோற்றை ஒதுக்கினார். கேம் பெட்டியை எடுக்கவே இல்லை. "நல்லா இருந்த மனுசன். யாரு கண்ணு பட்டுச்சோ" என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார். நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். மேசையில் ஒரு தட்டு. நிறுத்து.

மறு ஞாயிறு, மனசு சரியில்லாமல் சந்தைப் பக்கம் போனேன். குடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். தோற்றவனை நலம் விசாரிக்கிற குஷியில், ஒன்றும் தெரியாதவள்போல், "அந்த டிரைவிங் கேம் இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்குதுக்கா, ஆனா சத்தம் வராது. பழச அழிச்சிட்டு அது மேலயே புதுச ஏத்திட்டேன். இனிமே நல்லது வருமான்னும் தெரியல. கொண்டாந்து குடுக்கறவரே வர்றதில்ல."

"யாரு அது?"

"ஒரு பாய், வயசானவரு. மாஸ்க்கு, தொப்பி, கழுத்துல மப்ளரு. பேச்சு வராது பாவம். புதுசு வந்தா பெட்டிய எடுத்தாந்து குடுப்பாரு, நான் காப்பி பண்ணிக்குவேன். காசு நீட்னா வாங்கமாட்டாரு. குந்தறதுக்கு ஒரு ஸ்டூலு மட்டும் கேப்பாரு. தோ, இதான்." குடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டினார். "ஜனங்க விளையாடறத கேட்டுக்கினு மத்தியானம் வரைக்கும் இங்கயே குந்தினு இருப்பாரு. திட்டு வுழும்போது தோளு குலுங்கும். சிரிக்கறாருன்னு தெரியும்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. ஆனால் பயிரே வேலியுடையதுதான்.

"கடைசியா வந்தப்ப, காப்பி பண்ணி ஆன் பண்ணோம், சத்தம் வரல. பெட்டிய காதுகிட்ட வச்சிப் பாத்தாரு. அப்பறம் என் காத தொட்டு, கைய இப்டி ஆட்டி, உனக்குக் கேக்குதான்னு கேட்டாரு. கேக்கலியே பாய்னேன். ஒண்ணும் பண்ணல. மப்ளர சரிபண்ணிக்கினு போய்ட்டாரு."

ஒரு தடவை மருத்துவர் எடுத்தார். இரண்டாவது தடவை நான் எடுத்திருக்கிறேன், அதுவும் கரும்புச்சாறு குடித்துக்கொண்டே. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. உட்கார ஸ்டூலும் இருந்தது. அதில் உட்கார எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க என் பூட்டை நானே உடைத்தேன். என் கைவேலை ஆயிற்றே, சிரமமாகத்தான் இருந்தது. பூட்டுகளைக் கழற்றிய இடத்தில், அன்றைய கார் சவாரியில் பயன்படுத்தாமல் வைத்திருந்த திட்டுகளையெல்லாம் சேர்த்தேன். பாலத்து ஜாமை மட்டும் எடுக்கவில்லை. ஊர் கேட்கிறதே.

ஞாயிறு காலை அத்தாவின் பெட்டியில் அதை ஏற்றி, தொப்பியை ஆணியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "சந்தைக்குப் போலாம் வாங்க. அந்த ஸ்டூல் காலியா கெடக்குது" என்றேன். பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பையனின் முகம் அவருக்கு. சத்தம் நின்றது யாரால் என்பதும் அவருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். மேசையில் மூன்று தட்டு விழுந்தது. நான் வாங்கிக்கொண்டேன். எழுந்து மப்ளரைச் சுற்றினார்.

குடைக்காரர் அவரைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பெட்டியை வாங்கி நகலெடுத்து, சீனப் பெட்டி ஒன்றில் போட்டார். "கண்ணாடி வச்சிருக்கிறது நீ தல சீவறதுக்கில்ல!" என்று சந்தை அதிர்ந்தது. கூட்டம் சேர்ந்தது. நகலுக்கு நகல் அத்தா கத்தினார். எந்தக் கம்பெனிக்காரனும் தன் சரக்கு களவுபோவதை என்னைப்போலச் சந்தோஷமாகப் பார்த்திருக்க மாட்டான்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பைக்கைக் கூட்டத்துக்கு நடுவிலேயே குறுக்காக நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். கேட்டுக் கேட்டுச் சிரித்தவர், திடீரென்று நிறுத்தினார். "இவர்கிட்டதான் நான் வண்டி கத்துக்கினேன். எங்க இருக்காரோ, எப்டி இருக்காரோ" என்றார் பொதுவாக.

அவருக்குப் பின்னால், ஸ்டூலின் ஓரத்தில், விரல் முட்டியால் மூன்று தட்டு விழுந்தது.

அந்த மனிதரின் முதுகு விறைத்தது. கை தன்னையறியாமல் இல்லாத ஸ்டியரிங்குக்குப் போனது. திரும்பி, குறுக்கே நிற்கும் தன் பைக்கைப் பார்த்தார், பிறகு தொப்பியும் மாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"மாஸ்டர்?"

அத்தா மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதலில் பைக்கை ஓரமாக எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். அவர் எடுத்துவிட்டு வருவதற்குள், ஸ்டூலில் பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.